மந்தை முந்தியது, மேய்ப்பர் பின்னால் வந்தார்: கிள்ளான் பள்ளத்தாக்கின் லுத்தரன் சபைகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வழிபாட்டு இடங்களுக்குக் குறைவில்லை. ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயில், சிங்களர் 1894-ல் தொடங்கிய புத்த மகா விகாரை, விவேகானந்தா ஆசிரமம், பாத்திமா மாதா ஆலயம், மெதடிஸ்ட் ஆலயங்கள் என எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே 1924-ல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயமும் உண்டு. இன்று அது மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராலயம். அதைத் தங்கள் ஆலயமாக வளர்த்தவர்கள் தமிழர்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்த ஆராதனை முறையும் ஞானப்பாட்டு மெட்டுகளும் ஜெர்மனியில் பிறந்தவை. ரயில்வே குடியிருப்பின் நடுவில் மார்ட்டின் லுத்தரின் பெயர் எப்படி வந்து சேர்ந்தது?

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவில் தொடங்கி லைப்சிக் மிஷன் வழியாக வந்து முடிப்பார்கள். மிஷனரி விதைத்தார், கடல் தாண்டியும் முளைத்தது என்பது அவர்கள் கதை. காலனிய வரலாறு எழுதுகிறவர்கள் ரயிலையும் ரப்பரையும் சொல்வார்கள். ஆள் வந்தது, ஆளோடு சாமியும் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது பதில் வீடுகளில் இருக்கிறது: தாத்தா வேலை தேடி வந்தார், நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஜெபம் வைத்தார்கள், அப்புறம்தான் ஐயர், அதாவது போதகர், வந்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த மூன்றாவது பதிலே வரலாற்றுக்கு மிக நெருக்கமாக நிற்கிறது என்பது என் முடிவு. அச்சில் மிகக் குறைவாக வந்ததும் அதுதான்.

முதலில் வேரைப் பார்க்க வேண்டும். பர்த்தலோமேயு சீகன்பால்கு சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ல் பிறந்தவர். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறியவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, தோழர் ஹைன்ரிக் புளூட்சௌவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். ஊர் டேனியரின் வணிகத் துறைமுகம், பணம் டேனிய அரசருடையது, ஆட்கள் ஜெர்மானியர். இந்த மூன்றின் கலவையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த பலதும் விளங்கும். 1707 மே 12 அன்று ஐந்து பேர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார்கள். நடந்த இடம், 1701-ல் டேனியர் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோட்டை ஆலயம். அதன் பெயரும் சீயோன்தான். தமிழருக்கென்று எருசலேம் ஆலயம் அதே ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டையானது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்தபோது அவருக்கு வயது 36.

பதின்மூன்று ஆண்டு கூட முழுதாக இல்லை. அதற்குள் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன, புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சாகிவிட்டது. காகிதம் போதாமல் பொறையாரில் ஒரு காகித ஆலையே வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நின்றுவிட்டது. தமிழ்ப் போதகர்களின் வரிசையும் அங்கேதான் தொடங்குகிறது. 1733 டிசம்பரில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். வரிசையாக எழுதப்படும் மிஷனரி பட்டியல்களில் இந்தப் பெயர் ஒரு வரியில் கடந்துபோகிறது. எனக்கோ மலாயாவுக்குப் போகும் பாதை இங்கே திறப்பதாகத் தோன்றுகிறது. தமிழ் பேசும் சபையைத் தமிழரே மேய்க்கலாம் என்ற ஏற்பாடு அன்றே வந்திருக்காவிட்டால், 174 ஆண்டு கழித்துக் கப்பலேறிப் போக ஒரு போதகர் எங்கிருந்து வருவார்?

பாட்டும் வேதமும் வந்த வழி இன்னும் நுட்பமானது. யோஹான் பிலிப் பப்ரிசியஸ் என்ற ஹாலே மனிதர் அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் வாழ்ந்து, ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். 1772-ல் புதிய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டார், 1779-ல் அகராதி கொடுத்தார். மற்ற சபையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புது மொழிபெயர்ப்புக்கு மாறியபோதும் லுத்தரன்கள் பப்ரிசியஸ் வேதத்தை எளிதில் விடவில்லை. இன்னொரு பக்கம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இராகத்தில் கீர்த்தனைகள் பொழிந்தார். அவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னர் அவையில் மதிக்கப்பட்டவர். ஆகவே தமிழ் லுத்தரன் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு இசை தாய்ப்பாலோடு வரும். ஒன்று நான்கு குரலில் நடக்கும் ஜெர்மன் மெட்டு, மற்றது தாளம் போட்டுப் பாடும் கீர்த்தனை. கடல் கடந்து போன குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் வேதப்புத்தகத்தோடு இந்த இரண்டும் போயின.

தரங்கம்பாடி 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. டேனியர் கையைக் கழுவ, 1836-ல் டிரெஸ்டனில் தொடங்கிப் பின் லைப்சிக்குக்கு இடம் பெயர்ந்த மிஷன் சங்கம் பழைய சபைகளை ஏற்றுக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை பயணம் செய்து தமிழகத்தைப் பார்த்தார், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856-ல் வெளியிட்டார். தமிழின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு உண்மையானது. அதே மனிதர்தான் சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லி, அதைச் சபைக்குள் உடனே ஒழிக்கத் தேவையில்லை என்று நின்றார். 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கட்டளையிட்டபோது கொதித்தெழுந்த வேளாளக் கிறிஸ்தவர் பலருக்குப் பின்னாளில் லைப்சிக் மிஷன் புகலிடமானது. தரங்கம்பாடி ஆலயத்திலேயே நெடுங்காலம் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்த வழக்கம் இருந்தது. இந்த உண்மையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சபை வரலாறு எழுதுகிறவர்கள் சபைக்கே அநியாயம் செய்கிறார்கள். மலாயாவுக்குப் போனவர்களில் மிஷன் பள்ளியில் படித்து எழுத்து வேலைக்குப் போனவரும் இருந்தார்கள், தோட்டத்தில் பால் வெட்டப் போனவரும் இருந்தார்கள். யார் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டார் என்பது, போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் எங்கே உட்கார்ந்தார் என்பதோடு ஒட்டிய கேள்வி.

புறப்பட்ட துறைமுகம் நாகப்பட்டினம். தரங்கம்பாடியிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் காரைக்காலைத் தாண்டிச் சுமார் 30 கிலோமீட்டர். பினாங்குக்கும் கிள்ளான் கரைக்கும் தமிழரை ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல்கள் அங்கிருந்தே கிளம்பின. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் லைப்சிக் மிஷனுக்குச் சபைகளும் பள்ளிகளும் இருந்தன. மலாயாவுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் சுற்றியதும் இதே வட்டாரங்களில். லுத்தரன் ஊர்களும் கப்பல் ஊரும் ஒரே மாவட்டத்து மண்ணில் அமைந்தது பெரிய காரணம். இதைச் சொல்லாமல் மிஷன் வரலாற்றாசிரியர்கள் ஆவியானவரின் ஏவுதலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏவுதலை நான் மறுக்கவில்லை. கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

போய்ச் சேர்ந்த இடத்தின் நிலை வேறு. கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. கிள்ளான் ஆற்றின்மேல் பாலம் முடிந்து தண்டவாளம் ஊருக்குள் வந்தது 1890-ல். 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்பாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே காலத்தில் கிள்ளானைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1907-ல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்படுத்தித் தோட்டத்துக்கு ஆள் வரவழைப்பதை அரசே ஒழுங்குபடுத்தியது. ஊருக்குள் ரயில்வே கிராணி என்ற எழுத்தர், ஊருக்கு வெளியே லயத்து வீட்டில் பால்வெட்டுக்காரர், இருவருக்கும் இடையே ஓடும் ரயில். கிள்ளான் பள்ளத்தாக்குச் சபைகள் எல்லாமே இந்த வரைபடத்தின்மேல் எழுந்தவை.

அந்த 1907-லேயே முதல் லுத்தரன் போதகர் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தார். தரங்கம்பாடியில் ஐவர் ஞானஸ்நானம் பெற்றுச் சரியாக இருநூறு ஆண்டு. அவர் வந்த காரணம் முக்கியம். புதியவர்களை மதம் மாற்ற அவர் அனுப்பப்படவில்லை. ஏற்கெனவே வந்து சிதறிக் கிடந்த தமிழ் லுத்தரன் குடும்பங்களைக் கவனிக்க அனுப்பப்பட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானம் யார் கொடுப்பது, திருமணத்தை யார் நடத்துவது, இறந்தவரை யார் அடக்கம் செய்வது என்ற கேள்விகள் அக்குடும்பங்களை அரித்திருக்கும். பக்கத்துத் தெருவில் மெதடிஸ்ட் ஐயர் இருந்தார், ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பலர் சேர்ந்தும் விட்டார்கள். சேராமல் காத்திருந்தவர்களால்தான் இந்தச் சபை இருக்கிறது.

இங்கே உலக அளவில் ஒரு ஒப்பீடு உதவும். லுத்தரன் உலகத்தில் ‘குடியேறிய குடும்பங்கள் நிறுவிய சபை’ என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜெர்மானியக் குடும்பங்கள். அவர்கள் கதை ஒன்றல்ல, குறைந்தது இரண்டு.

ஒன்று, மேய்ப்பரோடு மந்தை புறப்பட்ட கதை. பிரஷிய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் லுத்தரன்களையும் சீர்திருத்தச் சபையாரையும் ஒரே சபையாக்கி ஒரே வழிபாட்டு நூலைத் திணித்தார். ஏற்க மறுத்தவர்கள் அபராதமும் சிறையும் கண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போதகர் அகஸ்ட் காவெல் தலைமையில் 1838-ல் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி கிளெம்சிக் ஊரை அமைத்தார்கள். அடுத்து வந்தவர்கள், தங்களைப் பரிவோடு கொண்டுவந்த கப்பல் தலைவர் ஹான் பெயரால் ஹான்டோர்ஃப் அமைத்தார்கள். அதே ஆண்டுகளில் சாக்சனியிலிருந்து அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மார்ட்டின் ஸ்டெஃபான் பின்னால் அமெரிக்காவின் மிசௌரிக்குப் போனார்கள். ஐந்து கப்பல்களில் ஒன்று கடலிலேயே காணாமல் போனது. போய்ச் சேர்ந்த சில மாதங்களில் ஸ்டெஃபானையே சபையார் விலக்க நேர்ந்தது. தலைவர் போனபின் குடும்பங்கள் தாங்களே நின்றன, 1847-ல் மிசௌரி சினட் உருவானது. அந்தச் சினட்தான் 1895-ல் கிருஷ்ணகிரியில் மிஷன் தொடங்கியது. தொடங்கிய நேத்தரும் மோனும் லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறியவர்கள். இன்று ஆம்பூர், நாகர்கோவில் பக்கம் இருக்கும் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை அந்த வழி வந்தது.

இன்னொன்று பென்சில்வேனியாக் கதை. அங்கே போன ஜெர்மானியரைத் துரத்தியது மன்னர் ஆணையைவிடப் பஞ்சமும் நிலமின்மையும் போருமே. போதகர் இல்லாமலே பல்லாண்டு இருந்தார்கள். மூன்று சபையார் சேர்ந்து ‘ஒரு ஐயரை அனுப்புங்கள்’ என்று லண்டன் வழியாக ஹாலேக்கு விண்ணப்பம் எழுதினார்கள். ஹாலே தாமதித்தது, சம்பளம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டது, கடைசியில் 1742-ல் ஹைன்ரிக் மெல்கியோர் மூலன்பெர்க் போய்ச் சேர்ந்தார். இந்திய மிஷனுக்கு அனுப்புவது பற்றி முன்பு பேசப்பட்டவர் அவர். 1748-ல் அவர் கூட்டிய பென்சில்வேனியா மினிஸ்டீரியம் அமெரிக்காவின் முதல் லுத்தரன் சினட். தரங்கம்பாடியிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் போன கடிதங்களை ஹாலே ஒரே அச்சகத்தில் அடுத்தடுத்து அச்சிட்டது.

மலாயாத் தமிழர் கதை இந்த இரண்டாவதற்கு அக்காள் தங்கை போல. கூலிக்காகவும் சம்பளத்துக்காகவும் வந்தார்கள், விசுவாசத்துக்காக ஊரைவிட்டு வரவில்லை. முதலில் குடும்பம், பிறகு கூட்டம், பிறகு விண்ணப்பம், கடைசியில் போதகர். பென்சில்வேனியாவை எழுதும் அமெரிக்க வரலாற்றாசிரியர்கள், நிறுவியவர் யார் என்று கேட்டால் மூலன்பெர்க்கைச் சொல்லிவிட்டு, அவரை அழைத்த குடியானவர்களையும் தச்சர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். நம்மிடம் சீகன்பால்கு பெயரோடு கதை முடிந்துவிடுகிறது. 1706-ல் வந்த ஜெர்மானியர் யாரும் பிரிக்பீல்ட்ஸில் சபை அமைக்கவில்லை. அமைத்தவர்கள் தமிழ்க் குடும்பங்கள்.

அப்படியானால் உண்மையான ஜெர்மானியர் மலாயாவில் இல்லையா? இருந்தார்கள். ஹாம்பர்க் வணிகர் இருவர் 1840-ல் சிங்கப்பூரில் தொடங்கிய பேன் மேயர் நிறுவனம் பினாங்கு வரை கிளை பரப்பியது. வசதியான மனிதர்கள். 1900-ல் அவர்கள் சிங்கப்பூரில் எழுப்பிய டியூட்டோனியா மன்றம் இன்று குட்வுட் பார்க் ஹோட்டலாக நிற்கிறது. வணிகத்துக்கு வந்தவர்கள் கணக்கு முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். வேர்விட வந்தவர்களுக்கே ஞானஸ்நானத் தொட்டியும் கல்லறை நிலமும் தேவைப்படும்.

1914-ல் போர் மூண்டது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அக்டோபர் 28 காலை பினாங்கு துறைமுகத்தில் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ‘எம்டன்’ என்ற சொல் நம் பேச்சில் நிலைத்தது அப்போதுதான். தமிழ் லுத்தரன்களுக்கு அந்தப் பேச்சு விளையாட்டாக இருந்திருக்காது. அவர்கள் போய்வந்த கடல்வழியின் இரண்டு முனையிலும் குண்டு போட்டது அவர்களுடைய ஐயர்மாரின் நாடு. லைப்சிக் மிஷனரிகள் காவலில் வைக்கப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார்கள். இடத்தை ஸ்வீடன் சபையார் நிரப்பினார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. 1921-ல் ஸ்வீடன்காரர் எர்ன்ஸ்ட் ஹூமன் முதல் தரங்கம்பாடிப் பேராயரானார். தமிழர் ஒருவர், ராஜா பூஷணம் மாணிக்கம், அந்த இருக்கையில் அமர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் 1924-ஐப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் ஆலயம் எழுந்தபோது லைப்சிக்கின் பிடி தளர்ந்திருந்தது, தாய்ச்சபை தன் காலில் நிற்கப் பழகி ஐந்தே ஆண்டு. மிஷன் ஆட்சியின் உச்சத்தில் கட்டப்பட்ட மிஷன் கட்டடம் என்று இதைச் சொல்ல முடியாது. மிஷன் தள்ளாடிய காலத்தில், தூர தேசத்தில், தமிழ்ச் சபை எழுப்பிய கூரை அது. ஆண்டை மட்டும் கல்லில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

ஜப்பானியர் காலத்தில் கடல்வழி அடைபட்டது. தோட்டத்துத் தமிழர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். எந்த மதத்துக் கூட்டத்திலும் காலியிடம் விழுந்த ஆண்டுகள் அவை.

போருக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு லுத்தர் மறுபடி வந்தார், இம்முறை வேறு வாசல் வழியாக. 1948-ல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிரிக்ஸ் திட்டப்படி 1950 முதல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கோலாலம்பூர் ஓரத்து ஜிஞ்சாங் அவற்றில் பெரியது. அதே நேரம் சீனாவில் ஆட்சி மாறி மிஷனரிகள் வெளியேற நேர்ந்தது. சீன மொழி தெரிந்த அமெரிக்க லுத்தரன்கள் 1950-களில் மலாயாவின் புதுக்கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்களை அனுப்பியது அமெரிக்காவின் ஐக்கிய லுத்தரன் சபை, மூலன்பெர்க் வழி வந்த சபை. ஆக ஹாலேயிலிருந்து கிழக்கே புறப்பட்ட நீர் தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வழியாகப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது. மேற்கே புறப்பட்ட நீர் பென்சில்வேனியாவைச் சுற்றிக்கொண்டு இருநூறு ஆண்டு கழித்து அதே பள்ளத்தாக்கின் இன்னொரு கரையில், பெட்டாலிங் ஜெயாவில், வந்து சேர்ந்தது.

1960-களின் தொடக்கத்தில் இரண்டும் தனித்தனித் திருச்சபைகளாயின. தமிழர் வழி வந்தது மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. சீனர் வழி வந்தது மலேசியா சிங்கப்பூர் லுத்தரன் திருச்சபை. பின்னதிலிருந்து சிங்கப்பூர் 1997-ல் தனியாகப் பிரிந்தது. இரண்டு சபைக்கும் விசுவாச அறிக்கை ஒன்றே, லுத்தரின் சிறிய ஞானோபதேசம் ஒன்றே. ஒன்றாகாமல் இருப்பது ஏன் என்று வெளியார் கேட்பதுண்டு. குடும்பங்கள் நிறுவிய சபை குடும்பத்தின் மொழியை விடாது என்பதே என் பதில். அமெரிக்காவிலும் ஸ்வீடிஷ், நார்வேஜியன், ஜெர்மன் என்று தனித்தனி லுத்தரன் சினட்கள் இருந்தவைதான். அவை சேர்வதற்கு மூன்று நான்கு தலைமுறை ஆயிற்று.

கிழக்கே சபாவிலும் இதே வடிவம் காணக்கிடைக்கிறது. பேசல் மிஷன் தென் சீனத்து ஹக்கா மக்களிடையே வேலை செய்தது. அந்த ஹக்கா கிறிஸ்தவக் குடும்பங்கள் 1880-களின் தொடக்கத்தில் வட போர்னியோ கம்பெனியின் ஏற்பாட்டில் கூடாட்டில் வந்து இறங்கின. இன்றைய பேசல் கிறிஸ்தவத் திருச்சபையின் தொடக்கம் அவர்கள். ஜெர்மன் மொழி பேசிய மிஷனரியிடம் கற்றதைக் கடல் கடந்து வேறு மண்ணில் நட்டது குடியேறிகளே. தமிழருக்கும் ஹக்காவினருக்கும் இந்த ஒற்றுமை இருப்பதை இரு பக்கத்தாரும் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை.

மொழிக்கு வருவோம், ஏனெனில் இன்று உறுத்துவது அதுதான். ஆஸ்திரேலிய ஜெர்மானியருக்கு என்ன நடந்தது? முதல் உலகப் போரின்போது 1917-ல் தென் ஆஸ்திரேலிய அரசு 49 லுத்தரன் பள்ளிகளை மூடியது. ஜெர்மன் ஊர்ப்பெயர்கள் 69-ஐ மாற்றச் சட்டம் போட்டது. கிளெம்சிக் காசா ஆனது, ஹான்டோர்ஃப் ஆம்பிள்சைடு ஆனது, 1935-ல்தான் பழைய பெயர் திரும்பியது. அமெரிக்காவில் மிசௌரி சினட் தன் பெயரிலிருந்து ‘ஜெர்மன்’ என்ற சொல்லை அதே 1917-ல் எடுத்துவிட்டது. அங்கே மொழி போன பிறகும் சபை நின்றது, ஆனால் பாட்டி பாடிய பாட்டைப் பேரன் மொழிபெயர்ப்பில்தான் அறிகிறான்.

மலேசியத் தமிழ்ச் சபைகளில் யாரும் பள்ளியை மூடவில்லை. மாற்றம் மெதுவாக, வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. தோட்டத் துண்டாடல் லயங்களைக் கலைத்தது. 1969-க்குப் பிந்திய வேலை அனுமதிக் கட்டுப்பாடு குடியுரிமை இல்லாத பலரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பியது. மிஞ்சியவர்கள் நகரத்துக்கு வந்தார்கள், பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் படித்தார்கள். ஆங்கில ஆராதனை தேவைப்பட்டது. பேராக் மலைகளில் ஓராங் அஸ்லி மக்களிடையே வேலை வளர்ந்தபோது, தமிழில் மட்டும் யோசித்த சபை அவர்கள் மொழியையும் கேட்க வேண்டியதாயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கத்துக் குருகுலத்தில் படித்துத் திரும்பிய போதகர் தலைமுறைக்குப் பிறகு, 1979-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து மலேசிய இறையியல் கல்லூரியை உள்நாட்டிலேயே தொடங்கின. இவை எல்லாம் நல்லதுக்கே என்று நினைக்கிறேன். ஆனாலும் 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர். அதற்குள் லுத்தரன்கள் இன்னும் சிறு துளி. இவ்வளவு சிறிய கூட்டம் ஞானப்பாட்டையும் கீர்த்தனையையும் தமிழிலேயே பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற என் ஆசை, ஆராய்ச்சியாளனின் நடுநிலையைத் தாண்டியது. அதை மறைக்க விரும்பவில்லை.

பிரிக்பீல்ட்ஸும் மாறிவிட்டது. பழைய ரயில்வே நிலத்தில் 2001-ல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010 அக்டோபரில் அலங்கார வளைவுகளோடு லிட்டில் இந்தியா திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிபட்டன. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் பூச்சோங், சுபாங், கிள்ளான் என்று பரவிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வருகிறவர், அந்தக் காலத்துத் தடத்தை ஒட்டித்தான் வருகிறார். பாட்டனாரை வேலைக்குக் கூட்டிவந்த தடம் பேத்தியை ஆராதனைக்குக் கூட்டிவருகிறது.

இடிபட்ட வீடுகளோடு போகாமல் மிஞ்சியிருக்கக்கூடிய ஒரு சான்று உண்டு: சபைப் பதிவேடுகள். மிஷன் ஆவணங்கள் ஹாலேயில் பத்திரமாக இருக்கின்றன, எண்ணிட்டு அடுக்கி ஆராய்ச்சியாளருக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் மிஷனரி எழுதியது இருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பது வேறு. குழந்தை பெயர், பெற்றோர் பெயர், தகப்பன் தொழில், குடியிருப்பு, ஞானப் பெற்றோர். தொழில் என்ற ஒரு கட்டம் போதும், ரயில்வே கிராணி எத்தனை பேர், தோட்டத்தார் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். ஞானப் பெற்றோர் கட்டத்தைப் பார்த்தால் யார் யாரை உறவாக ஏற்றார்கள், சாதி எல்லை எங்கே உடைந்தது, எங்கே உடையவில்லை என்று தெரியும். மேலே நான் எழுப்பிய கேள்விகளுக்கு எந்த மிஷன் அறிக்கையைவிடவும் நேரான பதில் அந்த மங்கிய மையில் இருக்கும். வெப்பமும் ஈரமும் கரையானும் உள்ள ஊர் இது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க ஒரு கைப்பேசியும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டியும், சில சனிக்கிழமைகளும் போதும்.